அண்ணனின் துப்பாக்கிக்குப் பெயர் மாற்றக் கட்டணம்

இறந்துபோன அண்ணனின் துப்பாக்கியை என் பெயருக்கு மாற்ற, இன்று விருத்தாசலம் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். உயிரோடு இருந்தவரை அவன் என்னை அதைத் தொடவிட்டதில்லை.

கடைக்காரர் டீ வரவழைத்தார். கட்டணம் அதிகம் என்றேன்.

"பாதி குடுங்க, போதும். உங்க பெரியப்பா, அப்பா, அண்ணன் எல்லாருக்கும் நான்தான் மாத்திக் குடுத்தேன். வருஷம் திரும்புறதுக்குள்ள துப்பாக்கி இங்கயே வந்துடுது."

மூவரும் துப்பாக்கி கைக்கு வந்த வருஷமே தூக்கத்தில் போனவர்கள். இன்றுவரை எனக்கு அது உறைத்ததில்லை.

"உங்க பையன் பேரு என்னங்க?" என்றார்.

"எதுக்கு?"

"அடுத்து அவரு வரும்போது ஃபீஸ் வாங்க மாட்டேன்."

டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன். துப்பாக்கி கடையிலேயே இருக்கிறது.

எங்கள் நல்லூர் நிலத்தை அமுக்கிய சித்தப்பா மகனுக்கு அந்தத் துப்பாக்கிமேல் ரொம்ப நாளாகக் கண். பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?