சின்சே கேட்கச் சொன்ன கேள்வி

என் அம்மாவிடம் கேட்கச் சொன்ன ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. பதிலை நானே சொல்லிவிட்டேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டேன்.

அப்போது ஈப்போவில் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். அம்மாவுக்குத் தலைசுற்றல் நிற்காமல் போகவே, பக்கத்து வீட்டுச் சீன அம்மாள் தன் சின்சேயிடம் போகச் சொன்னாள். சீன வைத்தியரை அங்கே அப்படித்தான் அழைப்போம். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு மலாய் தெரியாது. கோலி விளையாட்டில் கற்ற மலாயோடு நான் இருவருக்கும் நடுவில், பெரிய மனிதனைப் போல உட்கார்ந்திருந்தேன்.

சின்சே வெகுநேரம் நாடி பிடித்தார். நாக்கைப் பார்த்தார். தூக்கம், சாப்பாடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, அம்மாவின் வயிற்றைக் காட்டி, பிள்ளை உண்டாகியிருக்குமா என்று கேள், இருந்தால் வேறு மருந்து என்றார்.

எனக்குப் பின்னால் என் வகுப்புப் பையன்கள் இருவர், சின்சேயின் கடையில் விற்கும் உப்பில் ஊறிய பிளம் பழம் வாங்க நின்றிருந்தார்கள். இதைத் தமிழில் நான் கேட்டால் மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிடும். அம்மாவின் பக்கம் திரும்பாமலே இல்லை என்று மலாயில் சொன்னேன்.

"என்னடா கேக்குறாரு?"

"பசி எடுக்குதான்னு."

"எடுக்குதுன்னு சொல்லு."

சின்சே கண்ணாடிக்கு மேலாக என்னையும் அம்மாவையும் பார்த்துவிட்டு இழுப்பறையைத் திறந்தார்.

மூன்று கிண்ணம் தண்ணீர் ஒரு கிண்ணமாகச் சுண்டும்வரை, அவர் கொடுத்த மூலிகைகளைக் கறுப்பாகக் காய்ச்சி அம்மா குடித்தாள். அந்த வாரமே ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண்கள் வாளியும் துணியுமாக எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார்கள். என்னைக் கடைக்கு விரட்டினார்கள். திரும்பி வந்தபோது அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என்ன நடந்ததென்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் பல மாதங்கள், எல்லார் வீட்டிலும் தங்கச்சி இருக்கிறாள், நமக்கு எப்போது என்று அவளை நச்சரித்துக்கொண்டிருந்தேன். அவள் அரிசி களைவதை நிறுத்தியதில்லை.

என் மனைவியிடம் மருத்துவர் அதே கேள்வியைக் கேட்ட நாளில்தான் அந்த வாளியும் துணியும் எதற்கென்று எனக்கு விளங்கியது. அதிலிருந்து எந்தக் கூட்டத்திலும் யாராவது ஒரு பெண் "அண்ணா" என்று கூப்பிட்டால், என்னை இல்லை என்று தெரிந்தும் திரும்பிப் பார்க்கிறேன்.

அம்மா இப்போது வெளிநாட்டில், மனுரேவா என்ற புறநகரில் என்னோடு இருக்கிறாள். சென்ற குளிர்காலத்தில் முழங்கால் வலி தாங்காமல், "அந்தக் கறுப்புத் தண்ணி இங்க கிடைக்காதா?" என்று கேட்டாள். தைலம் தேய்த்துவிட்டு இரண்டு நாள் தட்டிக்கழித்தேன். ஆனாலும் ரயிலேறி நகர மையத்தில் உள்ள சீன வைத்தியசாலைக்கு அழைத்துப் போனேன். வைத்தியர் இங்கேயே பிறந்து வளர்ந்த சீனப் பெண். அம்மாவின் மாத்திரைகள் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பினேன். இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைப் பார்த்ததும், குடும்ப மருத்துவரிடம் கேட்காமல் இன்று எதுவும் தரமாட்டேன் என்றாள். பிறகு பழைய கதைகளைக் கேட்டாள். எத்தனை முறை கருவுற்றார் என்பது அதில் ஒன்று.

ஒரு சொல் விடாமல் அம்மாவிடம் கேட்டேன்.

"ரெண்டு வாட்டி" என்றாள்.

அவளுக்கு நான் ஒரே பிள்ளை. இரண்டு என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

திரும்பும்போது, ரயில் பென்ரோஸ் நிலையத்தைத் தாண்டியதும், எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

"வயித்தக் காட்டி கேட்டா எனக்குப் புரியாதாடா? ரெண்டு மாசம் தள்ளிப்போயிருந்துச்சு. பெத்த புள்ள பக்கத்துல உக்காந்திருக்கான், பின்னாடி ஆளுங்க நிக்குறாங்க. எனக்கும் வெட்கம். நீ பசின்னு சொன்ன, அதையே பிடிச்சுக்கிட்டேன்."

"அந்த மருந்தாலதானா அம்மா?"

"யாருக்குடா தெரியும்? ஒன்பது வயசுப் பையன் தலையில இதையெல்லாம் யாரு ஏத்தி வச்சா? கெழவனாயிட்ட, இன்னும் இறக்கி வைக்கல."

அவளும் என்னைப்போலவே கூச்சத்தில் வாய் மூடி இருந்திருக்கிறாள் என்பது அந்தச் சிறுவனுக்குத் தெரியவில்லை.

குடும்ப மருத்துவர் வைத்தியரோடு தொலைபேசியில் பேசினார். இரண்டு மூலிகைகளை விலக்கி, குறைந்த அளவில் தொடங்கினார்கள். மாத்திரைக்கும் மருந்துக்கும் இடையில் நேரம் விட வேண்டும், இரத்தப் பரிசோதனை தவறக்கூடாது, உடம்பில் எங்காவது கன்றிச் சிவந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்றார்கள். மருந்தை நான்தான் காய்ச்சுகிறேன், அடுப்பை விட்டு நகராமல். வீடு முழுக்க ஈப்போ வாசனை. வலி கொஞ்சம் குறைந்திருக்கிறதாம்.

போன வாரம் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அந்தப் புள்ள போனதுக்கப்புறம் அதுக்கு ஒரு பேர் வச்சேன்" என்றாள்.

"என்ன பேரும்மா?" என்று கேட்டேன்.

சொன்னாள்.