மதியத்தில் மட்டும் நின்ற கணினி

என் மனைவியின் கணினியை அவளுக்குத் தெரியாமல் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினேன். அது அடிக்கடி நின்றபோது பழியை அவள் கைமேல் போட்டேன். இருபது நாள் அப்படியே இருக்க விட்டேன். இத்தனையையும் மீறி, அந்த நாட்களை நினைத்தால் முதலில் வருவது சந்தோஷம்தான். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப்செட் கம்பெனியில், மோட்டார்களைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் இன்ஜினியராக இருந்தேன். அவள் ஒரு மில்லின் டிசைன் பிரிவில் பன்னிரண்டு வருடம், கட்டம் போட்ட தாளில் படுக்கை விரிப்புகளுக்குப் பூவும் கொடியும் வரைந்தவள். அந்த மில்லை மூடிவிட்டார்கள். ஈரோட்டில் விசைத்தறி ஓட்டிய வியாபாரி ஒருவர், "பேப்பர்ல வேண்டாமுங்க அம்மணி, ஃபிளாப்பியில குடுத்தீங்கன்னா தொடர்ந்து வேலை தர்றேன்" என்று சொல்லியிருந்தார். முதலில் நான்கு டிசைன், சித்திரை பிறப்பதற்குள். அதற்காகத்தான் கணினி வாங்கினோம்.

நாற்பத்தோரு வயதில் அவள் மவுஸைப் பிடிக்கப் பழகினாள். முதல் நாள் சமையலறைவரை கேட்கிறமாதிரி கூப்பிட்டாள். "ஏனுங்க, மேசை தீர்ந்துபோச்சு. அம்பு இன்னும் பாதி வழியிலதான் நிக்குது." மவுஸைத் தூக்கி நடுவில் வைத்துக் காட்டினேன். இரண்டு வாரத்தில் இலையை வரைந்து, திருப்பி, திரை முழுக்க வரிசையாக நிரப்பக் கற்றுக்கொண்டாள்.

அப்போதுதான் ஒரு கணினி மாத இதழில் படித்தேன். எங்கள் கணினியில் இருந்தது முந்நூறு மெகாஹெர்ட்ஸ் பிராசஸர். மதர்போர்டின் அடிப்படை வேகம் அறுபத்தாறு என்று இருப்பதை நூறு ஆக்கினால் அது நானூற்றைம்பதில் ஓடும், வோல்டேஜ் மட்டும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று போட்டிருந்தது. முத்திரை குத்திய அளவுக்கு மேல் ஒரு மோட்டார் எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பதே என் பிழைப்பு. படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை.

காலை ஐந்து மணி, அவள் வாசல் தெளிக்கப் போன நேரம். இரண்டு வோல்ட்டில் திரை கறுப்பாகவே இருந்தது. இரண்டு புள்ளி பூஜ்யம் ஐந்தில் பாதி வந்து உறைந்தது. இரண்டு புள்ளி ஒன்று கொடுத்தேன். திரையின் மேல் மூலையில் 450 என்று வந்தது. எழுந்து வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்தேன்.

உள்ளே வந்தவள் என் முகத்தைப் பார்த்து, "என்னங்க, சம்பளம் கூட்டிப்போட்டாங்களா?" என்றாள்.

"சும்மாதான் அம்மணி."

சொல்லியிருக்கலாம். சொன்னால், டிசைன் முடிகிறவரை தொடாதீர்கள் என்பாள். அதனால் சொல்லவில்லை. வட்டக் கணக்கில் வரும் பையின் மதிப்பைப் பல லட்சம் இலக்கம்வரை கணக்கிடும் நிரல் ஒன்றை ஓடவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தபோதும் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது. விசிலடித்துக்கொண்டே வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் வந்ததும் சொன்னாள். "மிசினு மதியம் நின்னுபோச்சுங்க. வரைஞ்ச இலையெல்லாம் போயிருச்சு."

மறுநாள் விடியலில் வோல்டேஜை இன்னும் ஒரு படி கூட்டினேன். இதில்தான் எங்கள் ஊர்க்காரன் புத்தி வேலை செய்தது. லைனில் வோல்டேஜ் குறைந்தால் கிணற்று மோட்டார் திணறும், கரண்டை அதிகம் இழுக்கும், உள்ளே சுற்றிய செப்புக்கம்பி சூடேறிக் கருகும். சரியான வோல்டேஜ் வந்தால் குளிர்ந்து ஓடும். கோயமுத்தூரைச் சுற்றி இது தெரியாத ஆள் கிடையாது. பிராசஸருக்கும் அதுவே விதி என்று நினைத்தேன். அங்கே அது நேர்த் தலைகீழ். கொடுக்கக் கொடுக்கச் சூடுதான் ஏறும். மதியம் நிற்கும், விடியலில் கூட்டுவேன், அடுத்த மதியம் மறுபடியும் நிற்கும். இரண்டு புள்ளி மூன்றுவரை போய்விட்டேன். என் சோதனைகள் மட்டும் ஒன்றுகூடத் தவறவில்லை. பங்குனியிலும் எங்கள் விடியல் குளிர்ச்சியானது. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்த அந்த அறை மூன்று மணிக்கு அடுப்பு.

"காலையில உங்களுக்கு நல்லாத்தானுங்க ஓடுது. நான் உக்காந்தாத்தான் நின்னுபோகுது" என்றாள் ஒரு நாள்.

"நீ பட்டனை ரொம்ப அழுத்தறே. மெதுவாத் தொடு."

எனக்குக் காரணம் முழுதாகத் தெரியாது. ஆனால் அது அவள் கை இல்லை என்பது தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் தூங்குகிற குழந்தையைத் தொடுவதுபோல அந்தப் பட்டன்களைத் தொட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, "நாளைக்கு ஈரோட்டுக்குப் போன் பண்ணி முடியாதுன்னு சொல்லிப்போடறேனுங்க. இந்தக் கைக்குப் பென்சில்தான்" என்றாள். அழவில்லை. ஒரு நோட்டை என்னிடம் நீட்டி, கடைசியாக ஒரு தடவை பார்த்துச் சொல்லச் சொன்னாள். ஒவ்வொரு தடவை நின்றபோதும் அதற்கு முன் எந்தப் பட்டனை அழுத்தினாள், என்ன வரைந்தாள் என்று மணியோடு எழுதி வைத்திருந்தாள், தன் தப்பைக் கண்டுபிடிக்க. பட்டன்கள் பக்கத்துக்குப் பக்கம் மாறின. மணி மட்டும் அவ்வளவாக மாறவில்லை. இரண்டரை, மூன்று பத்து, மூன்று, இரண்டே முக்கால்.

கணினியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பக்கத்து மூடியைக் கழற்றி, பிராசஸர்மேல் இருந்த அலுமினியத் தகட்டில் விரல் வைத்தேன். வைக்க முடியவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப என்ற கையில தப்பு ஒண்ணுமில்லீங்களா?"

"இல்லை."

"இருபது நாளா இது தெரியுமுங்களா?"

"கை இல்லேன்னு தெரியும்."

எழுந்து உள்ளே போனாள். பாத்திரச் சத்தம் கொஞ்ச நேரம் பலமாகக் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் டேபிள் ஃபேன் இருந்தது. கணினியின் திறந்த வயிற்றுக்கு நேராக வைத்தாள்.

"எறக்குங்க."

"பழையபடி முந்நூறுக்கா?"

"வோல்டேஜை எறக்குங்க. வேகம் இருக்கட்டும். நானும் பாத்திருக்கேன், இப்பெல்லாம் பூ சட்டுனு ரொம்புதுன்னு. ஆனா விடியால சோதிக்கற சோலி இனி வேண்டாமுங்க. மூணு மணிக்கு, நான் உக்காந்திருக்கறப்ப."

நான் லீவு போட்டேன். அந்த மதியங்களைப்போல நாங்கள் சேர்ந்து சிரித்த மதியங்கள் குறைவு. அவள் வரைவாள், நான் வியர்வை வழிய ஃபேனைத் திருப்பித் திருப்பி வைப்பேன். இரண்டு புள்ளி இரண்டில் ஒரு மணி நேரத்தில் நின்றது. "இன்ஜினியர் தோத்தாருங்க, அடுத்தது" என்றாள். இரண்டு புள்ளி ஒன்றில் சாயங்காலம்வரை ஓடியது. ஆசைப்பட்டு இன்னும் ஒரு படி இறக்கினேன், உடனே உறைந்தது. "போதுமுங்க, அது கேக்கறதக் குடுங்க" என்றாள். திரும்ப இரண்டு புள்ளி ஒன்று. தொடர்ந்து மூன்று மதியம் நிற்கவில்லை. வேண்டுமென்றே பட்டன்களை டொக்கு டொக்கென்று அடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான்காவது டிசைன் முடிந்த அன்றே ஈரோட்டுக்குப் போன் செய்தாள். வியாபாரியின் குரல் எனக்கும் கேட்டது. "கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்தது ஊட்டுக்காரருங்களா?"

"இல்லீங்க, நானேதான் போட்டேன். அவரு காத்தாடி புடிச்சாரு" என்றாள்.

மிச்சத்தை அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்றைக்கென்று இல்லை, அதன்பிறகு யாரிடமும் சொல்லவில்லை. அதனால்தான் நான் சொல்லவேண்டியிருக்கிறது.