பேச்சு நோட்டு

நான் விளாத்திகுளத்துக்காரி. எங்கள் கரிசல் பக்கம் சொட்டாங்கல் என்று சொன்னதை, கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தால் தட்டாங்கல் என்கிறார்கள். நாங்கள் பாண்டி ஆடினோம், இந்தத் தெருப் பிள்ளைகள் சில்லு விளையாடுகிறார்கள். நாங்கள் குதித்தோம், இவர்கள் சாடுகிறார்கள். பஸ் ஏறினால் எட்டிவிடுகிற தூரம்தான், அதற்குள் இத்தனை. வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை எங்கள் வாசலில் நின்று, "ஏளா, வெளிய வாளா, சில்லு விளையாடுவோம்" என்று என் மகளைக் கூப்பிட்டால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அந்தப் பிள்ளையின் அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அந்த வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது.

இரண்டு பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே மூன்றாம் வகுப்பு. அங்கே பேச்சு நோட்டு என்று ஒரு கண்றாவி. விளையாட்டு நேரத்தில் ஏலே, ஏளா, அங்கன, இங்கன என்று யார் வாயிலிருந்து வந்தாலும் வகுப்பு லீடர் அதை எழுதி மிஸ்ஸிடம் கொடுக்க வேண்டும். லீடர் என் மகள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் சில்லுக் கட்டத்தில் ஒற்றைக் காலில் தடுமாறிய யாரையோ பார்த்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளை, "பைய சாடுளா, கோட்ட மிதிச்சிராத" என்று கத்தியிருக்கிறாள். விழுந்துவிடக் கூடாதே, மெதுவாகக் குதிக்கட்டும் என்ற பதற்றம், வேறென்ன? என் மகள் அதை அட்சரம் பிசகாமல் எழுதிக் கொடுத்துவிட்டாள். மறுநாள் பிரேயரில் அந்தப் பிள்ளையை மேடையில் ஏற்றி, மைக்கில் அதையே மூன்று தடவை சொல்லச் சொன்னார்களாம். மொத்தப் பள்ளிக்கூடமும் சிரித்ததாம்.

இது எனக்குத் தெரிய நான்கு நாள் ஆனது. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அவள் அம்மாதான் சொன்னாள். பிள்ளை பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள், வீட்டிலும் வாயைத் திறப்பதில்லை, அடித்துக்கூடப் பார்த்தாயிற்று என்றாள். யார் எழுதிக் கொடுத்தது என்று அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஈரத் துணியைக் கொடியில் அப்படியே போட்டுவிட்டு இறங்கினேன்.

கீழே வந்து மகளைப் பிடித்து உலுக்கினேன். அவளும் அழுதாள். "எழுதலன்னா எம் பேரத்தான் மிஸ் எழுதுவாங்க. நான் என்ன செய்ய?" என்றாள். அந்தச் சின்ன வாயிலிருந்து அந்த நியாயம் வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு வயதுப் பிள்ளையைக் கோள் சொல்லியாக்கி வைத்திருக்கிறார்கள். கூடப் படிக்கிற பிள்ளை பேச்சைக் கேட்டு எழுது, இல்லாவிட்டால் நீ மாட்டுவாய் என்றால் இது பள்ளிக்கூடமா, போலீஸ் ஸ்டேஷனா?

மறுநாள் காலையில் போய்த் தலைமை ஆசிரியை அறையில் நின்று கத்தினேன். இந்த ஊரில் உப்பளத்துக்காரனும் கப்பல்காரனும் கடைக்கார அண்ணாச்சியும் பேசுகிற பேச்சை மைக்கில் சொல்லிச் சிரிப்பதற்கு நீங்கள் யார் என்று கேட்டேன். நீங்கள் என்ன வானத்திலிருந்தா குதித்தீர்கள் என்றும் கேட்டேன். வராந்தாவில் போன வாத்தியார்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகப் பேசினேன்.

அந்த அம்மாள் குரலை உயர்த்தவில்லை. பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்து, ஒரு காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். "நாங்களா ஆரம்பிச்சோம்? நீங்கதானம்மா எழுதிக் குடுத்தீங்க."

என் கையெழுத்துதான். பிள்ளைகளின் பேச்சைத் திருத்த ஏதாவது செய்யுங்கள் என்று பெற்றோர் சார்பில் கொடுத்த மனு. முதல் ஒப்பம் என்னுடையது. சுத்தமாக மறந்து போயிருந்தேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். போன வருஷம் குவார்ட்டர்ஸில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போனபோது என் மகள் ஓர் அதிகாரியின் பிள்ளையை "ஏளா" என்று கூப்பிட்டாள். அந்த அதிகாரியின் மனைவி என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். அதற்காக வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, இதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா என்று இருந்தது. நோட்டை நிறுத்தச் சொல்லி வேறொரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். பார்க்கிறோம் என்றார்.

அங்கிருந்து நேரே பக்கத்து வீட்டுக்குத்தான் போனேன். பிள்ளை படியில் தனியாக உட்கார்ந்து கல்லைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள். நானும் கீழே உட்கார்ந்து, "என்னளா, சித்தியச் சேத்துக்க மாட்டியா?" என்றேன். அவள் கல்லையெல்லாம் பொறுக்கிப் பாவாடையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். சித்தி, சித்தி என்று என் சேலையைப் பிடித்து இழுக்கிற பிள்ளை, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மன்னிக்கவும் ஆன்ட்டி. அம்மா உள்ளே சமைத்துக்கொண்டிருக்கிறார்கள்."

நான் ஊரெல்லாம் கையெழுத்து வாங்கிக் கேட்ட தமிழ் அதுதான்.