முழங்காலுக்கு எடுத்த அளவு

லண்டன் ஹரோவில் இருபது வருடமாகச் சேலைப் பிளவுஸ் தைக்கிறேன். யாராவது கேட்டால் என் கணவர், "சும்மா பொழுதுபோக்குக்குத் தைக்கிறா" என்பார். கலியாண சீசனில் எனக்குச் சாப்பிடக்கூட நேரமிருக்காது. பொழுதுபோக்காம்.

போன கோடையில் அவருடைய முழங்காலுக்குப் பின்புறம் ஒரு திட்டு வந்தது. படர்தாமரை என்று சொல்லி, பார்மசியில் கிரீம் வாங்கிப் பூசினார். எனக்கு மனம் கேட்கவில்லை. எங்கள் கறுத்த தோலில் சிவப்புச் சரியாகத் தெரியாது. நிறத்தை நம்பாவிட்டாலும் அளவை நம்பலாம். பிளவுஸ் வெட்டும் மெல்லிய தாளை அவர் காலில் வைத்து, திட்டின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து, திகதி போட்டு வெட்டி வைத்தேன். இரண்டு நாள் கழித்து இன்னொன்று. மூன்றாவது தாள் என் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு ஷிப்டைக்கூடத் தவறவிடாத பஸ் டிரைவர் அவர், அன்றைக்கு உடம்பு உளைவென்று சுருண்டு படுத்துவிட்டார். பயந்துபோய் டொக்டரிடம் கூட்டிப்போனேன்.

டொக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பூஞ்சைத் தொற்றுப்போல் இருக்கிறது, கிரீமைத் தொடருங்கள் என்றார். நான் எழும்பவில்லை. மூன்று தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக மேசையில் வைத்தேன். என் ஆங்கிலம் அரைகுறைதான், ஆனால் என் கத்தரிக்கோல் வெட்டுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அந்த நேரம் என்மேல் எனக்கே பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

டொக்டர் தாள்களைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் காலைப் பார்த்தார். பூச்சி ஏதாவது கடித்ததா என்று கேட்டார். இவர் நிலத்தைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். பிறகுதான் உண்மை வந்தது. இரண்டு கிழமைக்கு முந்தி ஞாயிறு நடைக்குப் போன ரிச்மண்ட் பார்க்கில் உண்ணி ஒன்று பிடித்திருக்கிறது. தேங்காயெண்ணெய் விட்டுப் பிடுங்கி எறிந்துவிட்டு வாயே திறக்கவில்லை.

"நாய்க்குப் பிடிக்கிற சாமான் எனக்குப் பிடிச்சதெண்டு எப்பிடியப்பா சொல்லுறது?" என்றார் என்னிடம்.

உண்ணி கடித்தால் வருகிற லைம் நோய். இந்தத் திட்டு இருந்தால் இரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்று சொல்லி, டொக்டர் மூன்று கிழமைக்கு அன்டிபயோட்டிக் எழுதினார். மாத்திரையைப் பாலோடு எடுக்கக்கூடாது என்றதால், இவருடைய பால் தேத்தண்ணிக்குக் கடைசி நாள்வரை நான்தான் காவல். மாத்திரை முடியுமுன்பே திட்டு மங்கியது, ஆளும் எழும்பி வேலைக்குப் போனார்.

இப்போது காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டுதான் நடைக்குப் போகிறார். வந்ததும் என் வெட்டு மேசையடியில் நிற்பார். முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் பார்ப்பேன். உண்ணி இருந்தால் எண்ணெய்ப் பேச்சே கிடையாது. மெஷினில் நூல் கோக்கும் கூரான ட்வீசரால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுப்பதுதான்.

போன கிழமை நடைக் கூட்டாளி ஒருவரோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் உண்ணிதான் பிடிச்சது, இதில என்ன வெக்கம்? என்ர மனிசி தையல்காரி. அவதான் அளந்து கண்டுபிடிச்சவ."

மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். பொழுதுபோக்கு என்ற சொல் கடைசிவரை வரவில்லை.