பாலில் வந்த பல்

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், முடிச்சூரில் எங்கள் குடியிருப்பின் கார் பார்க்கிங்கில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தவள், சரிவில் பிரேக் பிடிக்காமல் இரும்புக் கேட்டில் மோதிவிட்டாள். நான் மாடியிலிருந்து ஓடி வந்தபோது வாயெல்லாம் ரத்தம். ஆனால் அவள் அழவில்லை. மூடியிருந்த கையைத் திறந்து காட்டினாள். முன்பல், வேரோடு முழுசாக. பால்பல் விழுந்து முளைத்த நிரந்தரப் பல்.

"அம்மா, இதைத் திரும்ப ஒட்ட வைக்க முடியுமா?" என்றாள்.

கணவர் வெளியூரில் இருந்தார். வழக்கமாகப் போகும் பல் கிளினிக்கில் யாரும் போனை எடுக்கவில்லை. இன்னொன்றில், "டாக்டர் நாளைக்குக் காலைலதான் மேடம்" என்று வைத்துவிட்டார்கள். கடைசியாகத் தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போன் போட்டேன். பணியில் இருந்த டாக்டரே பேசினார். இளம் பெண்ணின் குரல்.

"பல் இருக்கா மேடம்? நல்லது. வேர் பக்கம் தொடாதீங்க, தேய்ச்சுக் கழுவாதீங்க. சூடில்லாத பால்ல போட்டு உடனே கிளம்பி வாங்க."

ஃபிரிட்ஜில் இருந்த பாலை ஒரு டம்ளரில் ஊற்றிப் பல்லைப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினோம். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாக்கா, பால எங்க எட்துகினு போற?"

"உள்ள பல் இருக்குண்ணா. கீழ விழுந்துட்டா."

அதன்பிறகு அவர் வண்டியை விரட்டினார். ஹாரனை அழுத்திக்கொண்டே பறந்தவர், வேகத்தடை வரும்போதெல்லாம், "கெட்டியா புட்சிக்கோக்கா" என்று முன்கூட்டியே சொல்லி மெதுவாக ஏற்றி இறக்கினார்.

அவசரப் பிரிவில் அந்த டாக்டர் வாசலுக்கே வந்துவிட்டார். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். டம்ளரை வாங்கிப் பார்த்துவிட்டு, என்னிடம் பேசாமல், மகளைக் கட்டிலில் உட்கார வைத்து அவள் முன் குனிந்து நின்றார்.

"நான் பல் டாக்டர் இல்லம்மா. இதை இதுவரைக்கும் செஞ்சதும் இல்ல. ஆனா நாளைக்கு வரைக்கும் விட்டா இந்தப் பல் பிழைக்காது. என் ஃப்ரெண்ட் பல் டாக்டர், வீடியோ கால்ல பார்த்துக்கிட்டே இருப்பா. பண்ணட்டுமா?"

செய்ததே இல்லை என்று ஒரு டாக்டர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அப்படிச் சொன்னதாலேயே அவரை நம்பினேன். நான் தலையசைத்தும் அவர் நகரவில்லை. மகளின் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"வலிக்குமா?"

"ஊசி வலிக்கும். அப்புறம் அழுத்துற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்."

"ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி சொல்லிடுவீங்களா?"

"சொல்றேன்."

கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றினார். "இப்ப ஊசி." "இப்பத் தண்ணி ஊத்திக் கழுவுறேன்." "இப்ப அழுத்தப் போறேன்." அதற்கிடையே, நர்ஸ் பிடித்திருந்த போனிலிருந்து தோழியின் குரல்: "இன்னும் கொஞ்சம். பக்கத்துப் பல்லோட மட்டத்துக்கு வரணும்." மகள் பேச முடியாமல் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். ஊசியின்போது கண்ணீர் காது வரை வழிந்தது. அப்போதும் அந்த விரல் இறங்கவில்லை. பெற்றவள் நான்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பல் இடத்தில் உட்கார்ந்தது. அது நகராதபடி மேலே ஒரு தையல் போட்டு, பஞ்சுத் துணியைக் கடிக்கச் சொல்லிவிட்டு டாக்டர் நிமிர்ந்தபோதுதான் அவர் நெற்றியெல்லாம் வியர்த்திருப்பதைப் பார்த்தேன்.

மறுநாள் பல் மருத்துவர் கம்பி வைத்துக் கட்டினார். "இவ்வளவு நேரா யாருங்க வச்சது?" என்று கேட்டார். பிறகு வேர் சிகிச்சையும் நடந்தது. நிறம் லேசாக மங்கியிருக்கிறது, ஆனால் பல் நின்றுவிட்டது.

சில மாதங்கள் கழித்து மகள் அந்த டாக்டரிடம் பல்லைக் காட்டியே ஆக வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தாள். நாங்கள் போனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். கன்னம் வீங்கிய ஒரு சிறுமியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் காத்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமைன்னா இப்படித்தான் மேடம். கிளினிக் எல்லாம் மூடியிருக்கும், பல்வலிப் பசங்க இங்கதான் வருவாங்க," என்றார் டாக்டர். அன்று மகளுக்குப் பல் வைத்த பிறகு, அவர் அந்தத் தோழியிடம் தொடர்ந்து போய் வந்து பல்லைக் கட்டும் வேலையைக் கற்றுக்கொண்டிருந்தார். அதற்கான கம்பியும் பசையும் இப்போது அவசரப் பிரிவிலேயே இருக்கின்றன.

கையுறை மாட்டி மகளின் பல்லை மெல்ல அசைத்துப் பார்த்தார்.

"ஆடவே இல்லையே!" என்று சத்தமாகச் சிரித்தார். பிறகு மகளின் தோளைத் தட்டிவிட்டு, காத்திருந்த சிறுமியின் முன் போய்க் குனிந்து நின்றார்.