பின் சீட்டும் எட்டும்

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகிறவளுக்கு ஓட்டுகிறவரின் முகம் தெரியாது. முதுகு தெரியும், பிடரி தெரியும், சட்டைக் காலரில் அழுக்கு இருந்தால் அது தெரியும். ஆனாலும் ஒரு மனுஷன் எப்படிப்பட்டவன் என்பது வளைவில் தெரிந்துவிடும் என்பது என் கட்சி. எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் மதுரை கே.கே. நகரில் குடியிருந்தோம். அப்போது பல பேருடைய பின் சீட்டில் நான் போயிருக்கிறேன். எல்லாம் உறவும் அக்கம்பக்கமும்தான், வேறு எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

என் தம்பி மோட்டார் சைக்கிள் வைத்திருந்தான். வளைவு என்றால் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். தூரத்திலேயே உடம்பைத் தயார் செய்துகொண்டு, திருப்பம் வந்ததும் வண்டியோடு சேர்ந்து ஒரு பக்கமாகப் படுத்துவிடுவான். ஸ்டாண்டு தார் ரோட்டில் உரசிக் கிரீச்சென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வராவிட்டால் அது அவன் கணக்கில் வளைவே இல்லை. பின்னால் என் முந்தானை ரோட்டைப் பெருக்கிக்கொண்டு வரும். “ஏன்டா இப்படிச் சாயுற?” என்று கேட்டால், “நான் எங்கக்கா சாயுறேன், ரோடுல்ல சாயுது” என்பான். வேலைக்கு மனுப் போட்டாயா என்று கேட்டாலும் இதே மாதிரிதான் பதில் சொல்வான்.

மாடியில் இருந்த வீட்டு ஓனர் இதற்கு நேர்மாறு. ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். அவருடைய ஸ்கூட்டர் எந்தப் பக்கமும் சாய்ந்ததே கிடையாது. திருப்பத்துக்கு முன்னால் அநேகமாக நின்றேவிடுவார். இடது காலைத் தரையில் ஊன்றி, கையை நீட்டி, இரண்டு பக்கமும் பார்த்து, பிறகு திரும்பி என்னையும் பார்த்து, “போலாமாம்மா?” என்று கேட்பார். நான் போகலாம் என்று சொன்னபிறகுதான் திருப்புவார். ஒருமுறை எனக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். போய்ச் சேர்ந்தபோது காய்ச்சல் விட்டிருந்தது.

என் கணவர் இந்த இரண்டு கட்சியிலும் சேராதவர். எழுமலைப் பக்கம் விவசாயக் குடும்பம். சைக்கிளில் வளர்ந்தவர். முப்பது வயதுக்கு மேல்தான் ஸ்கூட்டரைத் தொட்டார். வண்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கே, “நீ பின்னால உக்காந்தா எடுக்குறேன். தனியா எடுக்க மாட்டேன். விழுந்தா தூக்கிவிட ஆளு வேணும்ல?” என்றார். கூடவே விழப்போகிறவள் எப்படித் தூக்கிவிடுவாள் என்று நான் கேட்கவில்லை. கல்யாணமான புதிது. எனக்கு அதில் பெருமைதான்.

அவர் ஓட்டுகிற அழகே தனி. இடுப்பைக் கொஞ்சம் வலது பக்கம் நகர்த்தி வைத்துக்கொள்வார். வலது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். சிவில் சப்ளைஸ் கடையில் கெரசினுக்கு நிற்கிற மாதிரி ஒரு பொறுமையான சாய்வு. வளைவு வந்தால் அவசரமே இருக்காது. தோசைக் கல்லில் மாவைத் தேய்க்கிற கரண்டி மாதிரி வண்டி ஒரே சீராகச் சுற்றி வரும். எனக்குக் கம்பியைப் பிடிக்கக்கூடத் தோன்றாது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியிலேயே மடியில் பரீட்சைப் பேப்பரை வைத்துத் திருத்தியிருக்கிறேன்.

நான் மிஷன் ஸ்கூலில் டீச்சர். காலையில் என்னை வாசலில் இறக்கிவிட்டு, அதே ரோட்டில் நேராகப் போனால் அவருடைய ஆபீஸ். சாயங்காலம் அங்கிருந்து நேராக வந்து என்னை ஏற்றிக்கொள்வார். கடைக்கு, கோயிலுக்கு, எழுமலைக்கு, எங்கே போனாலும் நான் பின்னால் இருப்பேன். வருஷக்கணக்காக இப்படித்தான். லைசென்ஸ் மட்டும் எடுக்கவில்லை. வண்டியின் முன்னால் பெயிண்டில் எழுதிய சிவப்பு எல் எழுத்து வெயிலில் வெளுத்து ரோஸ் நிறத்துக்கு வந்திருந்தது. யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

கேட்கிற காலமும் வந்தது. அவருடைய ஆபீசில் விவசாயிகளின் பம்புசெட்டுக்குக் கடன் கொடுப்பார்கள். பேரையூர், எழுமலைப் பக்கம் ஊர் ஊராகப் போய்க் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவர ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த இடம் இவருக்கென்றே சொல்லி வைத்தது மாதிரி இருந்தது. மேனேஜர் சொன்னாராம்: மாசக் கடைசிக்குள் டூவீலர் லைசென்ஸைக் காட்டினால் அந்த சீட், இல்லாவிட்டால் ராமநாதபுரம் கிளையில் நாற்காலி. என் வேலையோ பள்ளிக்கூடத்தோடு சேர்ந்த வேலை, மாற்றல் கிடையாது. ஆகவே அவர் ராமநாதபுரம் என்றால் அவர் அங்கே, நான் இங்கே.

“எட்டுதானே? போட்டுட்டாப் போச்சு” என்று சொல்லிவிட்டு இரண்டாவது தடவை ரசம் கேட்டார். ஆர்.டி.ஓ. மைதானத்தில் தரையில் கோடு போட்டிருக்கும் எட்டின் மேல், கால் ஊன்றாமல் வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். அதுதான் பரீட்சை. அதற்கு நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். இவர் கிளம்பினார். இடது சுற்றில் வண்டி கோட்டை விட்டு அகலமாக எங்கோ போய் வந்தது. வலது சுற்றில் நுழைந்ததும் வலது பக்கமே சாய்ந்து, சாய்ந்து, தரையைத் தொட்டுவிட்டது. வேகமே இல்லை. ஒரு மனுஷன் அவ்வளவு நிதானமாக விழுந்து நான் பார்த்ததில்லை. “எந்திரிங்க சார். அடுத்த வாரம் வாங்க” என்றார் இன்ஸ்பெக்டர்.

விஷயம் பரவியதும் ஆளுக்கு ஆள் வாத்தியார் ஆனார்கள். தம்பி, “மச்சான், பயப்படாம வண்டிய நல்லாப் படுக்கப் போடுங்க” என்றான். படுக்கப் போட்டார், வண்டியும் படுத்துக்கொண்டது. வீட்டு ஓனர், ஒவ்வொரு திருப்பத்திலும் கால் ஊன்றி யோசித்துத் திருப்பும்படி சொன்னார். கால் ஊன்றினால் பெயில் என்றோம். “அப்ப அந்தப் பரீட்சையே தப்பு” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். எழுமலையில் என் மாமியார் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை அம்மா காலை ஜெபத்தில் ஒரு வரி சேர்த்தார். இரண்டு பக்கமும் சிபாரிசு பலமாக இருந்ததால் நான் கொஞ்சம் தைரியமாகவே இருந்தேன்.

கோடை காலம். வண்டியூர்க் கண்மாய் வற்றிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில், பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்துக்குக் கோடு போடுகிற சுண்ணாம்புப் பொடியில் கொஞ்சம் கேட்டு வாங்கிவந்து, கண்மாய்க்குள் பெரிய எட்டாக நானே போட்டேன். தம்பி கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். இவர் விழுந்தார், எழுந்தார், விழுந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. “நிறுத்துங்க, நான் பின்னால உக்காந்து எங்க தப்புன்னு பாக்குறேன்” என்று ஏறி உட்கார்ந்தேன்.

தப்பு எங்கேயும் இல்லை. வண்டி சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே போனது. இடது சுற்று, வலது சுற்று, நடுவில் கோடு கோட்டை வெட்டுகிற இடம், எல்லாம் சுத்தமாக வந்தது. இன்னொரு தடவை போட்டார், அதுவும் அப்படியே வந்தது. நான் இறங்கினேன், அவர் தனியாகப் போனார், விழுந்தார். தம்பி கரையிலிருந்து இறங்கி வந்து, வண்டியையும் மச்சானையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அக்கா, நீ சேலையக் கட்டிக்கிட்டு ஒரு பக்கமாவே காலப் போட்டு உக்காருற. உன் கனம் பூராம் இடது பக்கம். அதுக்கு ஈடு கட்டி மச்சான் வலது பக்கம் போயிப் போயி, இப்ப நீ இல்லைன்னாலும் வலது பக்கமே இருக்காரு. போதாததுக்கு ஸ்கூட்டருக்கு இஞ்சினும் அந்தப் பக்கந்தான். மச்சானுக்கு வண்டி ஓட்டத் தெரியாதுக்கா. உன்னைய வச்சு ஓட்டத்தான் தெரியும்” என்றான்.

அவன் வாழ்க்கையில் உருப்படியாகச் சொன்ன ஒன்றிரண்டு விஷயங்களில் அது ஒன்று. அவருடைய உடம்பு வாகே அப்படி, வலது தோள் இறங்கிய மனுஷர் என்றுதான் நான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அந்தத் தோள் எனக்காக இறங்கியது என்று தெரிந்ததும் எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கொள்ளை சந்தோஷமாகவும் இருந்தது. அவரும் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே சிரித்தார். ராமநாதபுரம் ஞாபகத்துக்கு வருகிறவரைக்கும் இருவரும் அப்படியே நின்றிருந்தோம்.

பிறகு வைத்தியம் ஆரம்பமானது. என் கனத்துக்கு ஈடாக ஒரு சாக்கில் மண்ணை அள்ளி இடது பக்கம் கட்டுவது என்று மச்சானும் மாப்பிள்ளையும் முடிவு செய்தார்கள். எம்புட்டு மண் என்பதில் தகராறு வந்தது. தம்பி இன்னும் போடணும் என்றான், இவர் போதும் மாப்ள என்றார். நான் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. சாக்கோடு ஓட்டினால் எட்டு வந்தது, சாக்கை அவிழ்த்தால் போனது. மண் மூட்டையோடு பரீட்சைக்கு விடமாட்டார்கள் என்பது கடைசியில்தான் அவர்களுக்கு உறைத்தது.

மறுபடியும் மைதானத்துக்குப் போனோம். என் கணவருக்கு ஒளிவுமறைவு தெரியாது. நேராக இன்ஸ்பெக்டரிடம் போய், “சார், வீட்ல பின்னால உக்காந்துக்கிறட்டுமா? அவுக இருந்தா நல்லாப் போடுவேன்” என்று கேட்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. “சார், பின்னால ஆளு இல்லாமயும் ஓட்டத் தெரியணும்ல? அதுக்குத்தான் சார் டெஸ்ட்டு” என்று தன்மையாகச் சொன்னார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு வழியில்லாமல் போயிற்று. இவர் தனியாகப் போனார். வலது சுற்றில், அதே இடத்தில், அதே நிதானத்தோடு விழுந்தார்.

மாசம் முடிந்தது. ஒரு பெட்டியும் படுக்கையும் பஸ்ஸில் போயின, ஸ்கூட்டர் லாரியில் போனது. இங்கே கிடந்தால் துருப்பிடிக்கும் என்றார். நான் பள்ளிக்கூடத்துக்கு டவுன் பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். கூட்டத்தில் நின்றுகொண்டு போகும்போது பஸ் திரும்பினால் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வோம். அது எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டிலும் ஒன்றும் பிடிக்கவில்லை. ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பது எரிச்சலான வேலை, அளவே வராது.

மாசத்துக்கு ஒரு தரம் ஊருக்கு வருவார். “அங்க வண்டி எடுக்குறீங்களா? விழுகுறீங்களா?” என்று கேட்பேன். “இப்பக் கொஞ்சம் கொறைஞ்சிருக்கு” என்பார்.

அரைப் பரீட்சை லீவு விட்டதும் நானே ராமநாதபுரத்துக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டில் பையோடு நின்று, எங்கள் ஸ்கூட்டர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் ஒருவர் வந்தார். முதுகு செங்குத்தாக, இரண்டு தோளும் சமமாக இருந்தன. குறுக்கே நின்ற குதிரை வண்டியை அழகாகச் சுற்றி வளைந்து வந்தார். யாரோ என்று நான் வேறு பக்கம் பார்த்தேன். அவர் என் முன்னாலேயே வந்து நிறுத்தினார்.

லைசென்ஸ் எடுத்துவிட்டாராம். முதல் தடவையிலேயே எட்டு வந்துவிட்டதாம். பாக்கெட்டிலிருந்து எடுத்துக் காட்டினார். வண்டியில் எல் எழுத்தைச் சுரண்டியிருந்தார். “தெனமும் காலையில கண்மாய்க் கரைப் பக்கம் தனியா ஓட்டிப் பழகுனேன். ஒரு நாள் பாரு, தானா நேரா வந்திருச்சு” என்றார். மதுரையில் கிணறு பார்க்கிற சீட்டில் அதற்குள் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று. இருந்தாலும் அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. நானும், “நல்லாத்தான் ஓட்டுறீங்க” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கமாகக் காலைப் போட்டு ஏறி உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியதும் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போனது. அவர் திடுக்கிட்டுக் காலை ஊன்றினார். மறுபடி கிளம்பினார், மறுபடி இழுத்தது. டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் ஸ்டாண்டில் அழுது மானத்தை வாங்கக் கூடாது என்று பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் பாதி திரும்பி, “கொஞ்சம் சரியா உக்காரு” என்றார்.

நான் எப்போதும் உட்காருகிற மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன்.