குப்புறப் படுத்தவருக்குப் பாட்டு

ஆறு வாரமாக இந்தப் பக்கத்தில் உங்களிடம் ஒரு விஷயத்தை மறைத்துக்கொண்டே எழுதினேன். ஜெயித்த பிறகுதான் சொல்வது என்று ஒரு பிடிவாதம். நேற்று ஜெயித்துவிட்டோம். அதனால் இன்று கொட்டிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு வலது கண்ணில் விழித்திரை கழன்றுவிட்டது. இங்கே ஜொகூரில் பாசிர் கூடாங் துறைமுகத்தில் பதினேழு வருஷம், அப்புறம் பாலம் தாண்டி சிங்கப்பூரில் நாலு வருஷம் கிரேன் ஓட்டிய மனிதர். ஒருநாள் காலையில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "விமலா, வாசல் கேட்டு பாதிதான் தெரியுது" என்றார். நான் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். கேட்டு முழுசாகத்தான் இருந்தது.

மறுநாளே ஆபரேஷன். கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை வைத்திருந்தார்கள். அந்தக் குமிழ் மேலே மிதந்து விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்றால் முகம் கீழே பார்த்தே இருக்க வேண்டுமாம். டாக்டரம்மா கறாராகச் சொன்னார்: "பத்து நாள் குப்புறப் படுக்கணும். சாப்பிட, பாத்ரூம் போக மட்டும் மணிக்கு அஞ்சு நிமிஷம். பிடிக்காம எழுந்து உக்காந்தீங்கன்னா, ஒட்டினது பிரிஞ்சிடும். அப்புறம் அந்தக் கண்ணுக்கு நான் பொறுப்பில்ல."

பத்து நாள் குப்புற! நீங்கள் பத்து நிமிஷம் படுத்துப் பாருங்களேன்... கழுத்து யாருடையது என்றே தெரியாமல் போய்விடும்.

முதல் நாள் சமர்த்தாக இருந்தார். இரண்டாம் நாள் தலையணையைத் திட்டினார். டிவி பார்க்க முடியாது, ஃபோன் பார்க்க முடியாது. நான் பேப்பர் வாசித்தேன். நடுவில் நடுவில் என் உச்சரிப்பைத் திருத்தினார். என் பழைய பத்தி ஒன்றை எடுத்து வாசித்தேன். தூங்கிவிட்டார். அதைப் பற்றி மேற்கொண்டு பேச எனக்கு விருப்பமில்லை.

மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை மத்தியானம், தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது. "போதும் விமலா. ஒரு கண்ணு போனாப் போகட்டும்லா. இன்னொண்ணு இருக்குல்ல?"

இந்த மனிதர் விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை. இன்னும் ஏழு நாள் இவரை எதைச் சொல்லிப் படுக்க வைப்பது?

அப்போதுதான் ஹாலில் இருந்த ஸ்பீக்கர் ஞாபகம் வந்தது. வாயால் கேட்டால் பதில் சொல்லும் ஸ்பீக்கர். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் நித்யா தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்தது. அதை இத்தனை நாளும் மணி கேட்கவும், துணி காயப்போடலாமா என்று கேட்கவும்தான் வைத்திருந்தோம். தூக்கிக்கொண்டு போய் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். பாட்டு கேட்டால் பாடியது. ஆனால் எந்தப் பாட்டு? அது நினைத்த பாட்டு. இலவசம் என்றால் அப்படித்தானாம். இரண்டு பாட்டுக்கு ஒரு ஷாம்பு விளம்பரம் வேறு.

"இதக் கொண்டுபோய் வெளிய வை," என்றார் அவர். "என் லிஸ்ட்டு இருந்தா கேப்பேன்."

அவருடைய லிஸ்ட். சிங்கப்பூரில் வேலை பார்த்த நாலு வருஷமும் டீ குடிக்கிற நேரத்தில் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்த முந்நூற்றுச் சொச்சம் பாட்டு. மாசா மாசம் காசு கட்டுகிற அக்கவுண்ட். பழைய ஃபோன் செத்தபோது அதோடு போய்விட்டது. புது ஃபோனில் திறக்கவே இல்லை, காசு மட்டும் பேங்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த அக்கவுண்ட்டை இந்த ஸ்பீக்கரோடு இணைத்துவிட்டால் போதும்!

பாஸ்வேர்டு என்ன? மறந்துவிட்டார். சரி, மறந்தவர்களுக்கும் வழி வைத்திருக்கிறார்களே — ஃபோனுக்கு ஆறு எண் கொண்ட கோடு அனுப்புவார்கள். அனுப்பினார்கள். என் ஃபோனுக்கு வரவில்லை. அவர் ஃபோனுக்கும் வரவில்லை. மூன்று தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, கோடு போகிற ஃபோன் நம்பர் என்று திரையில் காட்டிய கடைசி இரண்டு எண்ணை உரக்க வாசித்தேன்.

தலையணை சொன்னது: "அது என் சிங்கப்பூர் லைன்."

ஜொகூர்க்காரர்களுக்கு இது புரியும். அந்தப் பக்கம் வேலையை விட்டு வந்தாலும் சிங்கப்பூர் லைனை நாங்கள் சாகவிட மாட்டோம். பேங்க் அதில், பழைய கூட்டாளிகள் அதில். மறக்காமல் காசு போட்டு, சிம்மைப் பத்திரமாக அலமாரியில் வைத்துவிடுவோம். ஆனால் ரோமிங் மட்டும் போட மாட்டோம். வீண் செலவாம். அதனால் ஸ்கூடாயில் எங்கள் வீட்டுக்குள் அந்த சிம் வெறும் தகடு.

நித்யாவைக் கூப்பிட்டேன். "அம்மா, நீங்க எதையும் அமுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை வந்து நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

அமுக்காதீங்களா? முப்பது வருஷம் கிளார்க்காக இருந்து, ஆபீசில் இருந்த எல்லா மெஷினையும் அமுக்கியே ரிட்டயர் ஆனவள் நான். அதோடு, ஞாயிறுவரை இந்த மனிதர் படுத்திருப்பார் என்று யார் எழுதிக் கொடுத்தது? ஃபோனை வைத்தேன். தோட்டைக் கழற்றி, அதன் தண்டால் அவர் ஃபோனின் சிம் தட்டை நெம்பினேன். சிங்கப்பூர் லைனை உள்ளே தள்ளினேன்.

நல்ல வேளையாக அவரோடு வேலை பார்த்த தேவா, காலை ஷிஃப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் பார்க்க வந்திருந்தார். "தம்பி, இவர எழுந்திரிக்க விடாதீங்க. நான் கடலுக்குப் போய்ட்டு வந்துடறேன்" என்றேன்.

தேவா பயந்துவிட்டார். "அண்ணி... எதுக்கு?"

"லைன் பிடிக்க."

முகம் தெளிந்தது. இந்த ஊரில் கடலோரம் நின்றால் அக்கரை லைன் தானாக வந்து ஃபோனில் ஒட்டிக்கொள்ளும் என்று யாருக்குத்தான் தெரியாது? எத்தனை தடவை வேண்டாம் வேண்டாம் என்றாலும் ஒட்டிக்கொண்டு பில்லை ஏற்றியிருக்கிறது. இன்றைக்கு ஒருநாள் எனக்கு வேலை செய்யட்டும்.

ஸ்கூடாய் சாலையில் டிராஃபிக் ஜேம். நாற்பது நிமிஷம். ஸ்துலாங் கடலோரம் காரை நிறுத்தி இறங்கி, கம்பித் தடுப்பு வரைக்கும் நடந்தேன். ஒரு கையில் மலேசியா ஃபோன், இன்னொரு கையில் சிங்கப்பூர் ஃபோன். அவர் ஃபோனில் சிக்னல் ஒரு கட்டம் வந்தது... இரண்டு கட்டம்... லைன் பெயரே வந்துவிட்டது. என் ஃபோனில் 'கோடு அனுப்பு' என்பதை அமுக்கினேன். இந்தக் கையில் டிங் என்று விழுந்தது.

ஆறு எண். கலங்கலாகத் தெரிகிறது. கண்ணாடி காரில்!

ஓடிப் போய் எடுத்துக்கொண்டு வருவதற்குள் கோடு காலாவதி. மறுபடி அமுக்கப் போகும்போது தேவா கூப்பிடுகிறார். "அண்ணி, அண்ணன் கைய ஊணி எழுந்திரிக்கப் பாக்குறாரு. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு."

"ஃபோன ஸ்பீக்கர்ல போடுங்க" என்றேன். போட்டார். "இங்க பாருங்க. நான் ஸ்துலாங்கில கம்பியப் பிடிச்சிட்டு உங்க லிஸ்டுக்காக நிக்கிறேன். நீங்க தலையத் தூக்கினீங்கன்னா ரெண்டு ஃபோனையும் கடல்ல போட்டுட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்."

பிறகு தேவா மெதுவாகச் சொன்னார்: "படுத்துட்டாரு அண்ணி."

இரண்டாவது கோடு. கண்ணாடி மூக்கில். ஆறு எண்ணும் ஒரே மூச்சில். புது பாஸ்வேர்டு போட்டேன். அப்புறம் ஸ்பீக்கரின் ஆப்பைத் திறந்து, இசை என்ற இடத்தில் அவர் அக்கவுண்ட்டைக் காட்டி, 'இணைக்கவா?' என்று கேட்டதற்குச் சம்மதம் சொன்னேன். பச்சை டிக் விழுந்தது. பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த மலாய்க்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சத்தமாகச் சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது.

"இப்ப கேக்கச் சொல்லுங்க தம்பி."

கேட்டார். ஸ்பீக்கர் மறுபடி ஷாம்பு விளம்பரம் போட்டது. அலமாக்! இணைத்தால் மட்டும் போதாதாம். இனிமேல் பாட்டு என்றால் இந்த அக்கவுண்ட்டிலிருந்துதான் என்று தனியாக ஒரு இடத்தில் சொல்ல வேண்டுமாம். வாயால் சொன்னால் போதும் என்று பெட்டியில் படம் போட்டு விற்கிறார்கள். அந்த வாய் வேலை செய்வதற்கு எத்தனை விரல் வேலை செய்ய வேண்டியிருக்கிறது, பார்த்தீர்களா? தேடிக் கண்டுபிடித்து அதையும் மாற்றினேன்.

அந்த ஸ்பீக்கருக்குத் தமிழ் வராது. பாட்டுப் பேரைத் தமிழில் சொன்னால் எதையோ போடும். ஆனால் அவர் லிஸ்டுக்கு வைத்திருந்த பெயர் தமிழ் இல்லை. சிங்கப்பூரில் அவர் ஓட்டிய கிரேனின் பெயர். ஃபோனில் எனக்குக் கேட்டது — தலையணைக்குள்ளிருந்து, வாக்கி டாக்கியில் இருபத்தோரு வருஷம் பேசிப் பழகிய அதே குரல், ஒவ்வொரு சொல்லாக: "ப்ளே... கிரேன்... செவன். ஓவர்."

ஸ்பீக்கர் சரி என்றது. பாட்டு வந்தது.

இரண்டாவது பாட்டு தொடங்கியபோது தேவா, "அண்ணி, அண்ணன் கட்டில்ல தாளம் போடுறாரு" என்றார். அந்தக் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். வெட்கமே படவில்லை. மகளுக்கு ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினேன்: 'அமுக்கிட்டேன்.'

மீதி ஏழு நாளும் கிரேன் செவன்தான். காலையில் ஓவர், மத்தியானம் ஓவர். கழுத்து வலித்தால் சத்தத்தைக் கூட்டச் சொல்வார், நான் திட்டினால் குறைக்கச் சொல்வார். எனக்குக் கீழ்ப்படியாத மனிதர் ஒரு டப்பாவோடு எவ்வளவு மரியாதையாகப் பேசினார் தெரியுமா? 'ப்ளீஸ்' எல்லாம் வந்தது. ஆனால் ஒரு தடவைகூட, அஞ்சு நிமிஷத்துக்கு மேல் தலையைத் தூக்கவில்லை.

பத்தாம் நாள் டாக்டரம்மா கண்ணைப் பார்த்துவிட்டு, "நல்லா ஒட்டியிருக்கு. நெறைய பேரு பாதியிலயே எழுந்திடுவாங்க" என்றார். என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். பாராட்டு முழுவதும் அவருக்கே போனது. போகட்டும்.

குமிழ் கரையக் கரையப் பார்வை மெல்ல மெல்லத் திரும்பியது. நேற்று கடைசிப் பரிசோதனை. சுவரில் இருந்த எழுத்துகளைக் கீழ் வரிக்கு முந்தின வரிவரை தடுமாறாமல் வாசித்தார். நான் வழியெல்லாம் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதை எண்ணிக்கொண்டே கார் ஓட்டினேன்.

வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்தவர், தலையைத் தூக்கி மேலே சீலிங் ஃபேனைப் பார்த்தார். ஒரு கண்ணை மூடி, ஆபரேஷன் செய்த கண்ணால் நிதானமாகப் பார்த்தார்.

"விமலா... காத்தாடியில எவ்வளவு தூசி, பாரு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கண்டுபிடித்த குறைகளிலேயே, கேட்டவுடன் எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றிய ஒரே குறை அதுதான்.